சுறா சுரண்டிய பெயர்

எதெல்வினாவின் மகளுடைய பெயர் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்குக் காணாமல் போனது. அன்றைக்குச் சந்தையில் மொஹார்ரா மீன் கிலோ பதினான்காயிரம் பேசோ. கார்த்தஹேனாவில் சதுப்பேரிப் பக்கம் இருக்கும் எங்கள் தெருக்களில் காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. பெயரை மகள் மறக்கவில்லை, யாரும் ஒளித்தும் வைக்கவில்லை. ஒலிபெருக்கி முதலாளி தொன் அபெலார்தோ அதைச் சாவியால் சுரண்டி எடுத்தார், அவ்வளவுதான். அறுபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தோம். அந்த அறுபதில் நானும் ஒருவன்.

மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பகலில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே மூன்றாவது இயந்திரத்துக்கு ஒரு கால் குட்டை. துணி பிழியும்போது அது தரையை மிதிக்கும் மிதியில்தான் அவள் தன் தாளத்தைக் கண்டுபிடித்தாள். வீட்டில் இஸ்திரி மேசைமேல் ஒரு பழைய கணினி. ஒன்பது வருடங்களில் சம்பெத்தா என்கிற எங்கள் ஊர் ஆட்டப்பாட்டுகள் எழுபது செய்தாள், ஒன்றுகூட வெளியே போகவில்லை. எங்கள் ஊரில் பாட்டு என்றால் அது பீக்கோவிலிருந்து வர வேண்டும். சுவர் உயரத்துக்கு அடுக்கி, முகப்பில் படம் தீட்டி, லாரியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் ஒலிபெருக்கிக்குத்தான் பீக்கோ என்று பெயர். அதில் பெரியது தொன் அபெலார்தோவின் 'திபுரோன்', அதாவது சுறா. புதுப்பாட்டு கொடுத்தால் ஒரு வருடத்துக்கு அது சுறாவுக்கு மட்டும்தான் சொந்தம். அவருடைய அப்பா காலத்தில் மாலுமிகள் ஆப்பிரிக்காவிலிருந்து இசைத்தட்டு கொண்டுவருவார்கள். போட்டிக்காரனுக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாதென்று தட்டின் நடுவிலிருக்கும் காகிதத்தைக் காசால் சுரண்டிவிடுவார்கள். இப்போது தட்டுமில்லை, காகிதமுமில்லை. பாட்டு விரல் நீளப் பென்டிரைவில் வருகிறது. ஆனாலும் சுரண்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் வெறும் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவளோ அதன்மேல் வெள்ளை நாடா ஒட்டி, வியர்வையில் அழியாதபடி சிவப்பு நகப்பூச்சால் பெயரை எழுதிக் கொண்டுபோனாள். தெருவில் லாரியைச் சுற்றி நின்ற எங்கள் முன்னால் அவர் பார்த்தார், சிரித்தார், லாரிச் சாவியை எடுத்தார்.

கடைசி எழுத்து உதிர்ந்ததும் அவளுடைய அடையாள அட்டையில் புகைப்படம் மட்டும் மிஞ்சியது. ஹோட்டல் வருகைப் பட்டியலில் ஒரு வரி வெறுமையானது. எதெல்வினாவின் தோளில் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்த இடம் பிறந்த குழந்தையின் தோல்போல ஆகிவிட்டது. அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. பாட்டோ ஒரே வாரத்தில் ஊரைப் பிடித்துக்கொண்டது. பேருந்து ஓட்டுநர்கள் அதற்கேற்ப பிரேக் போட்டார்கள். பீக்கோக்காரர் தன் பெயரை முழங்குவதற்காகப் பாட்டில் நான்கு தாளம் காலியாக விடுவது எங்கள் வழக்கம். அவள் விட்டிருந்த காலியிடத்தில் எல்லாம் தொன் அபெலார்தோ, "சுறாடா! கடலையே கடிக்கிற சுறா!" என்று கத்தினார். இந்தப் பாட்டைச் செய்தது யார் என்று வானொலியில் கேட்டதற்கு, "யாரும் செய்யல, என் சுறா குட்டி போட்டுச்சு" என்றார். கேட்டவனும் சிரித்தான். என்ன திமிர்!

வானொலியில் அதைக் கேட்ட மறுநாள் அவள் அவருடைய முற்றத்துக்கே போனாள். ஓவியர் ஏணியில் நின்று சுறாவின் பல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைக் குடுத்துடுங்க, தொன் அபெலார்தோ."

"எந்தப் பேரும்மா? சொல்லு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஏணிமேல் இருந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

"பாட்டு ஓடுதில்ல? அப்புறம் பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தேங்காச் சோத்துல பிசைஞ்சா சாப்பிடப் போற?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. அந்த வாய்தான் ஒருநாள் எனக்கு வேணும்."

பதிவு அலுவலகத்துக்கும் போனாள். பெயர் சொன்னால்தான் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் பெயர் தொலைந்ததென்று புகார் கொடுக்கலாம். மூன்று நாள் வரிசையில் நின்றாள். நான்காம் நாள், அவள் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை இளகி அவள் செருப்பின் அச்சு பதிந்தது. அவ்வளவு கோபச் சூடு அந்த உடம்பில். அச்சு இன்னும் அங்கே இருக்கிறது, கூட்டுபவர்கள் அதைச் சுற்றிக் கூட்டுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் கணினித் திரையில் அலை எழும்பியது, ஒரு குட்டி மேடுபோல. மறுபடி சொன்னாள், மறுபடி மேடு. அந்தச் சத்தமில்லாத மேட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அறுபத்து நான்கு முறை அடுக்கி, புதுப்பாட்டொன்றின் காலியிடத்தில் வைத்தாள். கேட்டால் அது வெறும் காலியிடம்தான். எட்டு மாதம் அந்தப் பாட்டை இழைத்தாள். ஒவ்வொரு நாளும் கோபத்தோடுதான் உட்கார்ந்தாள், கோபம் ஆறிவிட்டால் அன்றைக்கு வேலை செய்யமாட்டாள். அப்படி ஒரு நாளும் வரவில்லை. பிறகு, மேலே ஒன்றும் எழுதாத பென்டிரைவைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். சுறாவுக்கு அப்போது புதுப்பாட்டுப் பஞ்சம். "இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கால்பந்துத் திடலில் மூவாயிரம் பேர் முன்னால் சுறா அதைப் பாடியது. முதல் நிமிடத்திலேயே புழுதி இடுப்புவரை எழுந்தது. காலியிடம் வந்தது. தொன் அபெலார்தோ வழக்கம்போல ஒலிவாங்கியைத் தூக்கி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக் கத்தினார்:

"தெயானிரா காசெரெஸ்!"

அவர் முகம் வெளிறியது. அடுத்த காலியிடத்தில் சுறா என்று சொல்லத்தான் பார்த்தார், மறுபடியும் தெயானிரா காசெரெஸ்தான் வந்தது. ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த தன் மகனைத் திட்டினார்; திட்டும் தெயானிரா காசெரெஸ் என்றே வந்தது. திடலிலிருந்து எட்டாவது தெருவில் மீன் பொரித்துக்கொண்டிருந்த எதெல்வினா கரண்டியைப் போட்டுவிட்டு, "தெயானிரா! அடி தெயானிரா!" என்று ஓடிவந்தாள். தோளில் பச்சை திரும்பியிருந்தது. கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற தெயானிரா அப்போதுதான் அழுதாள், அழும்போதும் முஷ்டியை இறுக்கிக்கொண்டே இருந்தாள். நாங்கள் மூவாயிரம் பேரும் அந்தப் பெயரைக் கத்தினோம். அன்றைக்கு அறுபது பேர் வாய் திறந்திருந்தால் இத்தனை தேவைப்பட்டிருக்காது.

அடையாள அட்டையில் மட்டும் பெயர் தானாகத் திரும்பவில்லை; புது அட்டைக்குச் சாட்சி வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். தொன் அபெலார்தோவையே கூட்டிப்போனாள். "இவங்க யாரு?" என்று எழுத்தர் கேட்டார். தொன் அபெலார்தோவுக்கு வேறு எதுவும் வாயில் வராததால் சரியான பதிலைச் சொன்னார். அட்டை அன்றைக்கே கிடைத்தது.

பிறகு அவர் மருத்துவரிடம் போனார், பாதிரியாரிடம் போனார். கடைசியில் மனைவியைத் தூது அனுப்பினார். தெயானிரா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்: "வாய் வேலை செய்யுதில்ல? அப்புறம் வேற வார்த்தைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு? தேங்காச் சோத்துல பிசைஞ்சா சாப்பிடப் போறாரு?"

அது நடந்து பதினோரு வருடமாகிறது. இப்போது தெயானிராவின் பாட்டுகள் எந்தப் பீக்கோவில் வந்தாலும் பெயரோடுதான் வருகின்றன, சாவியை யாரும் தொடுவதில்லை. தொன் அபெலார்தோ தினமும் காலை ஆறரைக்கு மூலை ரொட்டிக் கடைக்கு வந்து, "தெயானிரா காசெரெஸ்" என்கிறார். கடைக்காரி எத்தனை என்று கேட்கிறாள். அவர் நான்கு விரலைக் காட்டுகிறார், அவள் நான்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறாள்.