குலுக்கலில் விழுந்தவை

அலமாரியிலிருந்த சட்டைகளையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டாயிற்று. அப்பாவுக்கு உடுத்திவிட, காலர் நையாத சட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. சின்ன மகள் ஒவ்வொன்றையும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நைந்த துணி வழியே வெயில் தெரிந்தது. விடியற்காலையில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்தே அவளுக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதாகத்தான் இருந்தது. பக்கத்தில் பேசுகிறவர்களின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. கால் தரையில் பாவவில்லை.

"அந்த நீலத்தையே போட்டு விடுடி," என்றாள் அக்கா. "மேல கோட்டு போட்டுட்டா காலர் தெரியாது."

"கோட்டுக்கு எங்க போறது?"

"எங்க வீட்டுக்காரரோடது இருக்கே. அப்பா குடுத்ததுதான். குலுக்கல்ல விழுந்தது."

அந்த வீட்டில் விலை கொடுத்து வாங்கிய பொருள்களைவிடக் குலுக்கலில் விழுந்தவைதான் அதிகம். அப்பா கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர். சாயங்காலம் விரலில் புதுக் கீறலோடு வருவார். சில நாள் அவர் பின்னாலேயே ஒரு வண்டியும் வரும். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், அக்கா மகளுக்குச் சைக்கிள், அம்மாவுக்கு வளையல். "கடையில பேர் எழுதிப் போட்டேன், விழுந்துடுச்சு," என்பார், சாதாரணமாக. முதலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் பழகிப்போயிற்று. தெருவே அவரைக் குலுக்கல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தது. சும்மா வருவதைக் கேட்க யாருக்கு என்ன கூச்சம்? "அடுத்த தடவை ஏசிக்குப் போடுங்க மாமா," என்பார் மருமகன். எனக்கு மட்டும் சின்னதாகவே விழுகிறதே என்று சின்ன மகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுண்டு. அடுத்த மாதமே அவளுக்குப் பெரியதாக விழுந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ராசியான கைங்க. எழுதிப் போட்டா விழும்." அழுகைக்கு நடுவே குரலில் ஒரு பெருமை ஏறியது. அந்தப் பெருமை ஒன்றுதான் அவளை இன்று சாயாமல் நிறுத்தி வைத்திருந்தது. சின்ன மகளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

வாசலில் உயரமான ஒருவர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அவள் வெளியே போனாள்.

"அப்பாவோட சிநேகிதருங்களா?"

"இல்லம்மா. வீட்டுச் சாமான் விக்கிற கடையிலேர்ந்து வர்றேன். தவணை வசூல் பண்றவன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்படி ஆயிருக்கும்னு சத்தியமா தெரியாதும்மா. வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்கன்னு ஐயா என் கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தாரு. அவரே கடைக்கு வந்து கட்டிடுவாரு. கொஞ்ச நாளா ஆளைக் காணோம், அதான்..."

"எதுக்குத் தவணை?"

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போய் ஃப்ரிட்ஜின் மேல் நின்றது. அங்கிருந்து வாஷிங் மெஷினுக்குப் போயிற்று.

"எல்லாமேவா?"

"ஆரம்பத்துல வாங்கினதெல்லாம் முடிச்சுட்டாரும்மா. அப்புறம் ஒண்ணை அடைக்க வெளியில கடன், அதை அடைக்க இன்னொரு கடன். ஏன் சார் இப்படின்னு கேட்டேன். கேக்கறாங்களே, இல்லன்னு சொல்ல வாய் வரலன்னாரு."

"உங்க கடையில குலுக்கல் நடக்குமா?"

"இதுவரைக்கும் நடந்ததில்லம்மா."

தெருவில் வெயில் அசையாமல் கிடந்தது. அவளுக்கு அப்பாவின் மேல் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது வடிந்து, கீறல் விழுந்த அந்த விரல்களை ஒருமுறை பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"யாருடி அங்க?" என்றாள் அம்மா. கூடமே திரும்பிப் பார்த்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம். என்றைக்கிருந்தாலும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"கடைக்காரங்கம்மா. குலுக்கல் நடத்துறவங்க."

அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். "வாங்கய்யா, உள்ள வாங்க. எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க!"

வசமாக மாட்டிக்கொண்ட மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் குனிந்து, "எங்க பேரெல்லாம் எப்பங்க விழும்?" என்று காதோடு கேட்டார். இழவு வீட்டிலும் ஆசைக்கு ஓய்வில்லை.

"ஒண்ணு கேக்கணுங்கய்யா," என்றாள் அம்மா. "எத்தனையோ பேர் எழுதிப் போட்டிருப்பாங்க. இவர் பேரு மட்டும் எப்படி ஒவ்வொரு தடவையும் விழும்?"

தவணைக்காரர் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"அவர் பேரு மட்டும்தாம்மா போட்டிருந்துச்சு," என்றார்.

அம்மா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று அக்கம்பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்து, அப்படியே அழுகையாக மாறியது.

வாசலில் சின்ன மகள் அவரிடம் சொன்னாள்: "இனிமே இங்க வராதீங்க. பஸ் நிலையத்துக்கு எதிர்ல மருந்துக்கடை இருக்கு. நான் அங்கதான் வேலை பாக்கறேன். மத்தியானம் வாங்க, கூட்டம் இருக்காது."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பெரிய தொகை."

"எவ்வளவுன்னு இன்னைக்குச் சொல்லாதீங்க."

உள்ளே பெட்டியை மூடிவிட்டார்கள். மருமகனுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. "இந்த மூலைக்கு ஒரு ஆள் குறையுது. உயரமா யாராவது வாங்கப்பா," என்று குரல் வந்தது. தவணைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். தோளில் தொங்கிய பையைக் கழற்றி, "கொஞ்சம் வச்சிருங்கம்மா," என்று அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தோள் கொடுத்தார்.

பெட்டி கூடத்திலிருந்து மெல்ல எழும்பி, வாசலைக் கடந்து, வெளிச்சத்துக்குள் போயிற்று. எல்லாரும் பின்னால் நடந்தார்கள். பை கனமாக இருந்தது. அவள் அதைத் தோளில் மாட்டினாள். வார் அவளுக்கு நீளம். பை முழங்காலில் இடித்தது. நடந்துகொண்டே வாரைத் தன் அளவுக்குக் குறைத்துக்கொண்டாள்.