திறப்பு விழாவுக்கு முந்திய நெஞ்சுவலி

என் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு நாட்டு மக்கள் எல்லோருடைய இருதயத்தைப் பற்றியும் கவலை உண்டு, தன்னுடையதைத் தவிர. முசரவாக்கத்தில் ஏர் பிடித்த குடும்பம். காஞ்சிபுரத்துக்கு வந்து கவுன்சிலரானதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுபத்துமூன்றாம் வருஷம் எங்கள் வட்டத்து ஆஸ்பத்திரிக்கு இ.சி.ஜி. மெஷின் வேண்டுமென்று மெட்ராசுக்கு நடையாய் நடந்தார். "மாரடைப்பைத் தடுக்கறதுதான் சர்க்காரோட மொத வேலையா இருக்கணும்" என்று மேடைக்கு மேடை முழங்கினார். முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, நெய் வழியும் கோயில் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்பார்.

மெஷின் வந்தது. மந்திரி வந்துதான் திறக்க வேண்டும் என்று அறையைப் பூட்டி, வாசலில் ஜரிகை போட்ட சிவப்புப் பட்டு ரிப்பனையும் கட்டிவிட்டார். மந்திரிதான் வரவில்லை. சட்டசபை என்றார்கள், அப்புறம் வெளியூர்ப் பயணம் என்றார்கள். ரிப்பனில் படிந்த தூசியை இவரே போய்த் தட்டிவிட்டு வருவார்.

இதற்கிடையில் இவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்தது. வாய்வு என்று சோடா குடித்தார். ஆஸ்பத்திரி டாக்டர் வரதராஜன் வீட்டுக்கே வந்து கெஞ்சினார்.

"கவுன்சிலர், அஞ்சு நிமிஷம் வந்து படுங்க. மெஷின் சும்மாதானே இருக்குது."

"மந்திரி தொறக்காத மெஷின்ல நான் படுத்தா ஊரு இன்னா பேசும்பா? தனக்குத்தான் வாங்கிக்கினான்னு சொல்லுவானுங்க."

"ஊரை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எனக்கு நீங்க வேணும்" என்றேன். அவர் வரவேற்புரையை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நாள் குறித்தார்கள். பந்தல், மேளம், வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல். அறையின் பூட்டைத் திறந்து வைத்தார்கள், குறுக்கே ரிப்பன் மட்டும். மந்திரியைக் காணோம். மைக்கைப் பிடித்து, "இருதயத்தைக் காப்பதே" என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரர் அப்படியே சரிந்தார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடியவர்கள் ரிப்பன் முன்னால் நின்றுவிட்டார்கள். "மந்திரி வாலாஜாபாத் தாண்டிட்டாராம், கொஞ்சம் பொறுங்க" என்றார் விழாவை நடத்த வந்த அதிகாரி. படுபாவிகள். இவருக்கோ உடம்பெல்லாம் வியர்வை, கண் செருகுகிறது. அந்த நிலையிலும், "அறுக்காதீங்கபா" என்று முனகுகிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டாக வெட்டினேன். ரிப்பன் விழுந்ததைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கூட்டம் கைதட்டியது. மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார்.

மெஷினில் போட்டுப் பார்த்தால் மாரடைப்பேதான். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, நாடி தாறுமாறாக ஓடுகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு காமாட்சியிடம் தாலிப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மந்திரி வந்தார். வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, திறந்த நிமிஷமே திட்டம் பலன் கொடுத்துவிட்டது என்று மெச்சிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இவர் கண் திறந்தார்.

"வேணி, நீ ரிப்பனை அறுத்தது மந்திரிக்குத் தெரியுமா?"

"தெரியாது. முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டிட்டாங்க. அவரு அதுக்குப் பக்கத்துல வெட்டிட்டுப் போனாரு."

அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இப்பத்தாம்மா சீரா ஓடுது" என்றார்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.