தொண்ணூறு செக்கன்

அலாரம் அடித்ததும் காளியாயி செய்த காரியத்தைப் பார்த்து ஹோட்டலே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மற்றவர்கள் எல்லாரும் பயிற்சி கொடுக்க வந்த ராணுவ மேஜர் சொல்லிக்கொடுத்தபடி குனிந்து, மூச்சுக் காட்டாமல் பின்பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு ஓடிக்கொண்டிருக்க, இந்த மனுஷி மட்டும் சலவை அறையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடினாள். நேரே வரவேற்பு மேசைக்குப் போய், போனைக் காதில் வைத்தபடி நின்ற மகள் லோஜினியை இழுத்துத் தரையில் தள்ளி, விரிப்பைத் தலையோடு போர்த்தி, அவள் மேலேயே குப்புறப் படுத்துவிட்டாள்.

குளவிக்குச் செய்கிற வேலை அது. இந்த ஹோட்டலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவள் அவள். கூடு கலைந்து குளவி வந்தால், பக்கத்தில் நிற்கிறவளை இழுத்துக் கீழே போட்டு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டு பேருமாக மூடிக்கொண்டு, தேயிலைச் செடிக்கடியில் அசையாமல் கிடக்க வேண்டும். மூன்று தடவை அப்படித்தான் பிழைத்தாள். புத்தி யோசிக்குமுன் கை அதைச் செய்துவிட்டது, பாவம்.

தீவிரவாதி வேஷம் போட்டு மரத்துப்பாக்கியோடு வந்த தோட்டக்காரர் அழகுமுத்து, தன் லயத்து வரிசையிலேயே குடியிருக்கும் ஆத்தாளும் மகளும் விரிப்புக்குள் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். மேஜர் சிங்களத்தில் ஒரு சத்தம் போட்டார். "டுமீல்" என்றார் அழகுமுத்து, வெட்கத்தோடு.

"என்னம்மா செய்தனீங்கள்?" மனேஜர் ஆரூரன் தலையில் கைவைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது. "ரெண்டு பேரும் செத்திட்டியள். கதவும் பூட்டுப்படேல்லை. பின்னேரம் திரும்பச் செய்யவேணும்."

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், அந்த உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு ஹோட்டல்களில் குண்டு வெடித்ததிலிருந்து பிடித்த சனியன். மஸ்கெலியாவுக்கு மேலே, ஒரு காலத்தில் துரை பங்களாவாக இருந்த இந்தப் பதினெட்டு அறை ஹோட்டலையும் அது விடவில்லை. தாக்குதல் வந்தால் எங்கள் ஆட்களைக் காப்பாற்றத் திட்டம் இருக்கிறதா, ஒத்திகை பார்த்தீர்களா, சான்றிதழ் எங்கே என்று வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனி கேட்டுவிட்டது. சான்றிதழ் இல்லையென்றால் சீசனுக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால், ஆறு மாதமாகத் தற்காலிகமாக நிற்கிற லோஜினியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது? கொழுந்து மலைதான்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் சமையலறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"மானத்த வாங்கிட்டீங்கம்மா."

"நீ ஏண்டி ஓடல? ஊரே ஓடுது, நீ மட்டும் போனப் புடிச்சிக்கிட்டு நிக்கிற."

"அதுதாம்மா என் வேல."

எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த திட்டப் படத்தைக் காட்டினாள் லோஜினி. படம் முழுக்க வட்ட வட்டப் புள்ளிகள். "பச்சைன்னா தங்க வந்தவங்க. நீலம் அவங்களோட உள்ள போற ஸ்டாஃப். நீங்க நீலம். தண்ணியும் மருந்துப் பெட்டியும் கொண்டுபோயி, உள்ள இருந்து இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும்."

"நீ?"

வரவேற்பு மேசைமேல் ஒரேயொரு மஞ்சள் புள்ளி இருந்தது. "நான் பதினெட்டு ரூமுக்கும் போன் அடிச்சிச் சொல்லணும். சொல்லிட்டு முன்கதவப் பூட்டிட்டு ஓடி வரணும்."

"ஒரு ரூமுக்குச் சொல்ல எம்புட்டு நேரமாகும்?"

"அஞ்சு செக்கன்."

"ஸ்டோர் ரூம் கதவ எப்பச் சாத்தணும்?"

"அலாரம் அடிச்சித் தொண்ணூறு செக்கன்ல."

காளியாயி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள்தான், ஆனால் கணக்கில் அவளை ஏமாற்ற முடியாது. இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் அதே விடைதான் வந்தது. "அப்ப நீ எப்படி உள்ள வருவ?"

லோஜினி திரும்பி வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையோடு ஆரூரனின் அறைக்கு ஓடினாள் காளியாயி. "சார், எம்புள்ளைய உள்ள போட்டுருங்க. போன்ல நான் நிக்கிறேன். எனக்கு வயசாயிருச்சி."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமோ அம்மா?"

காளியாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். படிச்சாத்தான்டி தப்பிப்ப என்று மகளை அடித்து, கெஞ்சி, கொட்டகலைக்கு பஸ் ஏற்றிவிட்டு அந்த இங்கிலீஷைப் படிக்க வைத்தவள் அவள்தானே? அட கடவுளே, அதுதான் பிள்ளையைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது!

"கதவ ஒரு நிமிசம் பொறுத்துச் சாத்தலாமே சார்."

ஆரூரன் பேனாவை மூடி வைத்தார். "நான் சண்டை நேரம் பங்கருக்குள்ளை வளந்தவன் அம்மா. ஒராளுக்காண்டி வாசலைத் துறந்து வைச்சால் உள்ளுக்கை இருக்கிற எல்லாரும் போயிடுவினம். அதைக் கண்ணாலை பாத்தனான்." அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. யாருக்காகத் திறந்து வைத்தார்கள், யார் போனார்கள் என்று அவர் சொல்லவில்லை.

"பதினெட்டு ரூமையும் எம்புள்ள கூப்புடுவா. அவள யாரு சார் கூப்புடுவா?"

"இது ஒத்திகைதானே அம்மா" என்றார் அவர், மெதுவாக.

மூன்று மணிக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். அலாரத்துக்கு முன் லோஜினி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெஞ்சிக் கேக்குறேன், இந்தத் தடவையும் சொதப்பிடாதீங்க. மேஜர் இன்னைக்குப் போனா திரும்பி வர மாட்டாரு. நான் வெளிய நின்னாலும் தாழ்ப்பாளப் போட்ருங்க."

"வாயக் கழுவுடி."

"மலைக்குப் போகச் சொல்றீங்களா என்னைய?"

காளியாயி கையை விடுவித்துக்கொண்டாள்.

அலாரம் அடித்தது. காளியாயி தண்ணீர்ப் போத்தல்களையும் மருந்துப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவருகே நின்றாள். ஆட்கள் வந்து நிரம்பினார்கள். நிஜமாகவே தங்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் அவர் மனைவியும் இதை வேடிக்கையென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மேஜர் கையில் ஸ்டொப் வோட்ச் ஓடியது. நடைவழியின் கோடியிலிருந்து லோஜினியின் குரல் கேட்டது. பதறாத, அழகான இங்கிலீஷ். ஒவ்வொரு அறைக்கும் அதே வார்த்தைகள். காளியாயி எண்ணினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

போன் வைக்கிற சத்தம். முன்கதவு பூட்டுகிற சத்தம். அப்புறம் மரத்தரையில் சப்பாத்து ஓடிவருகிற சத்தம்.

லோஜினி நடைவழியில் திரும்பினாள். பத்துப் பதினைந்து எட்டுதான் இருக்கும். அம்மாவின் கண்ணைப் பார்த்து, ஓடியபடியே கையை அசைத்தாள். போடுங்க, போடுங்க என்று அசைத்தாள். தொண்ணூறு செக்கன் முடிந்ததென்று மேஜர் கையை இறக்கினார்.

காளியாயி கதவைத் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே உள்ளங்கை கதவில் வந்து மோதியது. "அம்மா" என்று ஒரு குரல். ஒத்திகையில் இல்லாத சொல் அது. பிள்ளைக்குத் தன்னையறியாமல் வந்துவிட்டது போலும். காளியாயியின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.

"மன்னிச்சிக்க புள்ள" என்றார் அழகுமுத்து வெளியே. பிறகு, "டுமீல்" என்றார்.

உள்ளே எல்லாரும் கைதட்டினார்கள். மேஜர் காளியாயியின் தோளில் தட்டி, "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டினார். கிழவரின் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து என்னவோ நன்றி சொன்னாள். ஆரூரன் மட்டும் தலை நிமிராமல், கையில் இருந்த படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்ததும் லோஜினி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எத்தனை நாளைக்கப்புறம் அப்படிச் சிரிக்கிறாள்!

"பாஸாயிட்டோம்மா! இனிமே மாசாமாசம் செய்யணுமாம். எப்பவும் தாழ்ப்பாளுக்கு நீங்கதானாம், மேஜரே சொல்லிட்டாரு. இன்னைக்கு மாதிரியே போட்ருவீங்கதானே?"

காளியாயி மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போட்ருவேன்" என்றாள்.