மருந்தறை வாசலில் ஒரு வாஷர்

எழுபத்தொரு மணி நேரம் ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு உள்ளே போனது, வெள்ளி காலை ஒன்பது மணிக்குத்தான் வெளியே வந்தது.

என் பெயர் கிருபா. பி.எஸ்சி. வேதியியல். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பரிசோதனை அறையில் வேலை. திங்கள்தோறும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் நான்தான் எடுக்கிறேன். இரும்பு கூடாது, நைலான் கூடாது, உராய்வு கூடாது. என் குரல் முதல் வரிசையைத் தாண்டாது. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் வளரட்டும் என்று போனில் ஒரு பழைய ஹாலிவுட் பாட்டுப்படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். படம் வந்து எழுபது வருடம் ஆகிறது. நாற்பத்திரண்டு முறை பார்த்துவிட்டேன். ஆங்கிலம் வளரவில்லை. கதாநாயகி பெரிய கடையில் லிஃப்ட் இயக்குகிறாள். நாலு பேர் முன்னால் பேச வராது. தான் செய்த தப்பை முதலாளியிடம் சொல்லவேண்டிய இடத்தில், அடியில் உலோகத் தகடு பதித்த ஷூவோடு மாடிப்படியில் டக்டக்கென்று ஆடியபடி இறங்குகிறாள். நாலு நிமிடம். முதலாளி மன்னிப்பதோடு நிற்காமல் தானும் சேர்ந்து ஆடுகிறார்.

ஒருநாள் கம்பெனி வேனில் பாண்டிமீனாவுக்கு ஒரு பக்க இயர்போனைக் கொடுத்தேன். அவள் பெட்டி ஒட்டும் பிரிவு.

“இவ எதுக்குக்கா இந்தக் குதி குதிக்கா?”

“செஞ்ச தப்பச் சொல்றா.”

“வாயால சொன்னா அரை நிமிசம். படியெல்லாம் தேஞ்சிருமே.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் படியில எறங்குறதத் திரும்பப் போடுங்க” என்றாள்.

மறுநாள் இயர்போன் தேவைப்படவில்லை. வேன் முழுக்கக் கேட்டது. டிரைவர் சங்கிலிமுத்து அண்ணன் அந்தப் படத்தில் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை, அவர் சாலையைப் பார்க்க வேண்டியவர். ஆனால் படியிறங்கும் தாளத்தை ஸ்டீயரிங்கில் பிசகாமல் தட்டுவார். ஒரு வார்த்தை புரியாமல் இருபது பேருக்கு இது ஏன் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அந்தப் படத்து ஊரில் சொல்ல முடியாதவர்கள் ஆடலாம். தெருவில் போகிறவர்கள் இவளுக்கு என்ன கேடு என்று கேட்பதில்லை. வேனை நிறுத்தச் சொல்லவே வாய் வராத எனக்கு அது அறிவியல் புனைகதை. சங்கிலிமுத்து அண்ணனுக்கு இது தெரியும். நான் கேட்காமலே என் வீட்டு முன் நிறுத்துவார்.

பழைய ஷூவின் அடியில் நாலு வாஷர்களை, நட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகடுகளை, பசை போட்டு ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் மொட்டைமாடியில் நானும் ஆடுவேன். கீழ்வீட்டு ஜெயசீலி டீச்சர் அம்மாவிடம், “மேல இஞ்சி தட்டுறீகளா?” என்று விசாரித்திருக்கிறார். போன ஞாயிறு ஒரு வாஷர் கழன்றது. சுடிதார்ப் பையில் போட்டேன், மறந்தேன். செவ்வாய்க்கிழமை அதே சுடிதார். சுத்தப் பருத்தி, பாதுகாப்பு விதிப்படி. தொழிலாளர்களைக் கம்பெனி வாசலில் சோதித்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். ஸ்டாஃப் என்பதால் என்னைச் சோதிப்பதில்லை. வெடிமருந்து கலக்கும் அறை வாசலில் கைக்குட்டையை எடுத்தேன். வாஷர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு முறை அந்தச் சத்தத்துக்காகவே படம் பார்த்தவள் நான்.

பத்து மணிக்கு ஃபோர்மேன் தங்கச்சாமி அதை ஒரு காகிதத்தில் வைத்து என்னிடமே கொண்டுவந்தார்.

“மருந்தறை வாசல்ல கெடந்துச்சும்மா. இரும்புதானான்னு பாத்து எழுதிக் குடுங்க. உள்ள போயி உராஞ்சிருந்தா நாம இங்கன நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம்.”

காந்தம் வைத்துப் பார்த்தேன். ‘இரும்பு. துத்தநாகப் பூச்சு. ஒரு பக்கம் பசை’ என்று எழுதினேன். பசையை விட்டுவிடலாமா என்று கை நின்றது. அறிவியலுக்கு நேர்மையாக இருக்கவேண்டும் என்று எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டேன். யாருடையது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

அந்தப் பசைதான் சங்கிலிமுத்து அண்ணனை மாட்டிவிட்டது. அன்று காலை அந்த வாசலில் அட்டைப்பெட்டி லோடு இறக்கியவர் அவர். வேன் சீட்டைப் பசை போட்டு ஒட்டுகிறவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை விசாரணை, அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இரும்பை உள்ளே கொண்டுபோனவன் என்று பெயர் வந்துவிட்டால் தீபாவளி சீசனில்கூட எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது.

புதன்கிழமை மேலாளருக்கு வாட்ஸப்பில் எழுதி எழுதி அழித்தேன். அன்று சாயங்காலம் மாற்று டிரைவர் என் வீட்டைத் தாண்டிப் போனார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.

“நீங்க பேசணும்னா டோக்கன் போடணுமாக்கா?” என்றாள் பாண்டிமீனா மறுநாள். “அண்ணன் இருந்தா இம்புட்டுத் தூரம் நடப்பீகளா?”

வெள்ளிக்கிழமை எல்லோரும் விதிப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டு, கம்பெனி வாசலுக்கு உள்ளே வெறுங்காலோடு நின்றோம். சங்கிலிமுத்து அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“இருவது வருசமா வண்டி ஓட்டுறேன் சார். ஒரு நட்டு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும். இது என் வண்டி வாஷர் இல்ல.”

“அப்போ வாஷர் தானா நடந்து வந்துச்சாக்கும்?” என்றார் மேலாளர் மாணிக்கராஜ்.

சிலர் சிரித்தார்கள். அது ஆட வந்த வாஷர் என்று எனக்கு மட்டும் தெரியும்.

“கார்டக் குடுத்துட்டுக் கெளம்புங்க.”

அண்ணன் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றினார். அவர் விரல்கள் அட்டையின் மேல் தட்டிக்கொண்டிருந்தன. அதே தாளம். பயத்தில் தட்டுகிறார், அவருக்கே தெரியவில்லை.

படமாக இருந்தால் இந்த இடத்தில்தான் வாத்தியங்கள் தொடங்கவேண்டும். தண்ணீர் மோட்டார் ஓடியது. நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன். மண்ணில் வெறுங்கால் சத்தமே போடாது. ஏதோ சொன்னேன்.

“என்னக்கா சொல்றீக? கேக்கல,” என்றாள் பக்கத்தில் நின்ற பாண்டிமீனா.

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.

“அந்த வாஷர் என்னோடது சார். டான்ஸ் ஆடுறதுக்கு நான்தான் ஷூவுல ஒட்டி வச்சிருந்தேன்.”