சேற்றுப் பக்கம்

ரதிக்கு ஐந்து வயது முடிந்தும் எல்லாப் பொருளுக்கும் ஒரே பெயர்தான்: ‘அது’. சிரம்பான் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ், காதிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை, சொல் பிடிபடத்தான் மற்றப் பிள்ளைகளைவிட நாளாகும் என்றார். ஒரே கதைப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார்.

அம்மா மோகனா வாசித்தாள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள் அல்லவா, காலைப் பெரட்டு வரிசையில் கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் வந்ததா என்று பார்ப்பதுபோல, ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்து, இது என்ன, சொல்லு என்று மகளை விரட்டினாள். ரதி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மிஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். பிள்ளையிடம் சொல்லைக் கேட்க வேண்டாம், கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

அன்றோடு மோகனா கேள்வியை விட்டாள். சேற்றில் சிக்கிய யானையின் கதை அது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிறுத்தி, “சேறு. கால் மாட்டிகிச்சி” என்பாள். மழை விட்டதும் வாசலுக்குக் கூட்டிப்போய், செம்பனைக் குலை ஏற்றிய லாரி உழுதுவிட்டுப் போன தடத்தைக் காட்டி அதையே சொல்வாள். ரதி திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் மகளின் கண் அந்தப் பக்கத்தில் தங்கி நிற்பதை அவள் பார்த்திருந்தாள். சொல் உள்ளே போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவள் கணவன் சசிதரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து ஒருநாள் மாலை வந்ததும் மறுபடியும் ஆரம்பித்தான்.

“ஒரு பாச வர்றதுக்கே இந்தப் பாடு. தமிழ விட்டுரு லா. வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுவோம். அடுத்த வருசம் தமிழ்ப்பள்ளியும் வேணாம்.”

“அவளுக்குப் புரியிற ஒரே பாசயையும் புடுங்கிட்டா, புள்ள எதுல பேசும்?” மோகனா குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்கு நீங்க வாசிங்க.”

அவன் தயங்கினான். படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் எழுத்து தெரியாது. அவன் பயந்தது மகளுக்காக மட்டுமல்ல, தனக்குத் தெரியாத எழுத்துக்காகவும்தான் என்பது மோகனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள்.

ரதி அப்பா மடியில் ஏறிக்கொண்டாள். அவன் பாதி மலாய், பாதி தமிழில் யானையை அவசரமாக வீட்டுக்கு ஓட்டினான். நடுவில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு விடுபட்டுப் போனதைக் கவனிக்கவில்லை.

ரதி அவன் கையைத் தள்ளினாள். விட்டுப்போன பக்கத்தைத் தேடித் திருப்பி, அவன் விரலைப் பிடித்து யானையின் காலில் வைத்தாள்.

“சேறு,” என்றாள். “கால் மாட்டிகிச்சி.”

சசிதரன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். தமிழ்ப்பள்ளியில் பெயர் பதிய என்றைக்குப் போகவேண்டும் என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

அந்தப் பேச்சில் கதை நின்றது ரதிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டு, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.