இரண்டு தரம் கீழ் அம்பு

காலையில் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியபோது பாலிஷ் வாசனை வந்தது. கீழ்வீட்டு வாசலில் மச்சான் ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

"அத்தான், நேத்து அந்த யானையை வெட்டுக் குடுக்காம விட்டீங்களே, பிழைச்சீங்க."

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் ஏறி உட்காரும்வரை அது உறைக்கவில்லை. யானையை வெட்டுக் கொடுக்கலாமா என்று நேற்று நான் யோசித்தது உண்மை. ஆனால் யோசித்ததோடு சரி. அவனுக்கு மெயிலில் அனுப்பியது ஒரு சிப்பாயின் சாதாரண நகர்த்தல். அனுப்பாத யானையைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் இருவரும் ஒரே செஸ் கிளப். நேரில் உட்கார்ந்தால் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். மெயிலில் ஆடினால், நாளுக்கு ஒரு நகர்த்தல் வீதம், ஒவ்வொரு முறையும் அவன் ஜெயிப்பான். கிளப் செயலாளருக்கு இது தலைவலி. ஊர்களுக்கிடையே நடக்கும் போட்டி முழுக்க மெயிலில்தான். அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. "நீங்க ரெண்டு பேரும் மெயில்லயே ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிக்கிறவர் வரட்டும். எனக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டார். அந்த ஆட்டம்தான் இப்போது நடக்கிறது. எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு வெட்கமில்லாமல் நான் ஆசைப்பட்டதில்லை. மெயிலில் தோற்றுத் தோற்று, மூளைதான் மழுங்கிக்கொண்டு வருகிறதோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் வேறு.

பஸ்ஸில் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. எனக்குப் பார்வை கிடையாது. என் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும். மெயிலைப் படிக்கும், அழுத்தும் எழுத்தைச் சொல்லும். பயிற்சிப் பலகையில் ஒரு காயை நகர்த்திப் பார்த்தால் "யானை, டி நான்கு" என்று அறிவிக்கும். திருப்பி வைத்தால் அதையும் அறிவிக்கும். என் மேஜை ஜன்னலோரம். அதற்கு நேர் கீழே மச்சானின் ஜன்னல்.

அதாவது, இத்தனை வருஷமாக நான் யோசித்ததையெல்லாம் அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான்.

ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். பார்சல் கம்பெனியில் புகார் வாங்கும் வேலை எனக்கு. நாள் முழுக்க காதை அடைத்துக்கொண்டு ஊரார் வசவைக் கேட்கிறேன். வீட்டிலும் அடைத்துக்கொண்டால் வாசலில் யார் வந்தார்கள், அடுப்பில் என்ன பொங்குகிறது, ஒன்றும் தெரியாது. குரலின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். அதே அறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஒரே மாதத்தில் அந்த வேகத்துக்கும் காதைப் பழக்கிக்கொண்டாள். "உங்க மேனேஜர் என்னங்க, மெயில்ல இப்படிக் குழையறாரு?" என்று கேட்டாள். அவளுக்கு முடிந்தது அவள் தம்பிக்கு முடியாதா?

அலுவலகத்தில் அடுத்த இருக்கைக்காரர் என்னைப் போலவே பார்வையில்லாதவர். விஷயத்தைச் சொன்னதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"பிரெய்ல் பலகை ஒண்ணு வச்சிருந்தீங்களே, விரலால தடவிப் படிக்கிறது, என்னாச்சு?"

"அலமாரியில தூங்குது. ரொம்பப் பழசு. என் சிஸ்டம் அதை யாருன்னே கேக்க மாட்டேங்குது."

"அதைக் கேக்குற சிஸ்டம் ஒண்ணு இருக்கு. இலவசம். பழசுக்கும் பக்கத்துலயே போட்டுக்கலாம். ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி. நடுவுல சுவர் எழுப்பணும், அவ்வளவுதான். தப்பான இடத்துல எழுப்பினீங்கன்னா பழைய குடித்தனம் தெருவுக்கு வந்துடும்."

மறுநாள் அந்த சிஸ்டம் இருந்த ஒரு பென் டிரைவை என் கையில் வைத்து அழுத்தினார்.

விடுமுறையன்று உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. எனக்கு எதற்கு என்று அதை மச்சானின் கடைக்குக் கொடுத்துவிட்டேன். பென் டிரைவைச் செருகி, இயக்கி, காத்திருந்தேன். ஒரு பீப். அவர் சொல்லிக்கொடுத்தபடி எஸ் எழுத்தை அழுத்தி எண்டர் தட்டினேன். தொண்டையில் சளி கட்டியதுபோல ஒரு குரல் எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"யாருங்க இது புதுசா?" என்றாள் மனைவி.

"வாடகைக்கு வந்திருக்கான்."

"குரலே சரியில்லையே. மூக்கடைப்பா?"

"கொஞ்ச நேரம்தான். அப்புறம் வாயே திறக்க மாட்டான்."

சுவர் எழுப்பும் கட்டம் வந்தபோது அவளை மெஷினை நிறுத்தச் சொன்னேன். பழைய குடித்தனத்தில் என் மெயில்கள், சேர்த்து வைத்த புத்தகங்கள், இருபது வருஷத்து ஆட்டங்கள் எல்லாம் இருந்தன. "வட்டு முழுவதையும் அழித்துவிடவா?" என்பதுதான் அந்தக் குரல் சொன்ன முதல் யோசனை. அதையும் ஏதோ தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்பதுபோலக் கேட்டது. அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் எண்டர் தட்டினேன். தட்டிய விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்தது. இயக்கிவிட்டுச் சும்மா இருந்தால் புது சிஸ்டம் தானே வரும். பழையது வேண்டுமென்றால் ஆரம்பத்தில், கம்ப்யூட்டர் மூச்சுக் காட்டாத சில விநாடிகளுக்குள், இரண்டு தரம் கீழ் அம்பு, ஒரு எண்டர். நான் சும்மா இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு விரல்களுக்கு அடியில் பிரெய்ல் பலகையின் புள்ளிகள் சரசரவென்று முளைத்தன.

அன்று மாலை முழுக்க ஒரு குரலும் இல்லாமல் படித்தேன், எழுதினேன், காய் நகர்த்திப் பார்த்தேன். நான் நினைத்தது என்னிடமே இருந்தது. இப்படி ஒன்று உண்டு என்பதே மறந்து போயிருந்தது.

இரண்டு நாள்தான். மச்சான் மேலே வந்துவிட்டான்.

"என்ன அத்தான், கம்ப்யூட்டர் ரிப்பேரா?"

"இல்லையே."

"சத்தத்தையே காணோமேன்னு பார்த்தேன். ஆளு வேணும்னா சொல்லுங்க, கூட்டிட்டு வர்றேன்."

"உனக்கு எதுக்கு மச்சான் சிரமம்?"

அவன் போனதும் மனைவி தையலை நிறுத்தினாள். "அவன் எப்போங்க உங்க மேல இவ்வளவு அக்கறையானான்?"

அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல. தோத்தவங்க சொல்ற கதை இது."

"சரி, சோதிச்சுப் பார்க்கலாம்."

இரண்டு தரம் கீழ் அம்பு. பழைய குரல் உற்சாகமாக எழுந்தது. ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன். பயிற்சிப் பலகையில் மச்சானின் வெள்ளைக் குதிரையை என் ராஜாவின் வாசலுக்குக் கொண்டுவந்தேன். "குதிரை, ஜி ஐந்து" என்றது குரல். "ஐயையோ" என்றேன். திருப்பி வைத்தேன். மறுபடி கொண்டுவந்தேன். "குதிரை, ஜி ஐந்து." தலையில் அடித்துக்கொள்ளும் சத்தத்தைக்கூட விடவில்லை. உண்மையில் எனக்குப் பயமே கிடையாது. அந்தக் குதிரை வந்தால் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி விரட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "கூடப் பிறந்தவளை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டே அவனை ஏமாத்துறீங்களே, நல்லா இருக்கா?"

"அவன் கேக்கலேன்னா ஏமாற மாட்டான். நீதானே சொன்னே, அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

அவள் தையலைத் தொடர்ந்தாள். மெஷின் வேகமாக ஓடியது.

மறுநாள் ஊமை சிஸ்டத்தில் மெயிலைத் திறந்தேன். புள்ளிகள் எழுந்தன. குதிரை, ஜி ஐந்து.

"வந்துடுச்சு" என்றேன்.

அவள் கத்தரிக்கோலைத் தொப்பென்று வைத்தாள். "வேணும் அவனுக்கு. விரட்டுங்க" என்றாள்.

சிப்பாயைத் தள்ளப் போனேன். பழக்கத்தில் ஒருமுறை பலகை முழுவதையும் வரிவரியாகத் தடவினேன். விரல் நின்றது. தூரத்தில் அவன் ராணி. அதற்கும் என் ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு காயும் இல்லை. சிப்பாயை நான் தள்ளினால் ராணி நேராக உள்ளே வந்து உட்காரும், குதிரை அதற்குக் காவல் நிற்கும். அதே நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். தள்ளாவிட்டாலோ அந்தச் சிப்பாயைத் தின்றுகொண்டே வரும்.

பயப்படுவதுபோல நடித்த இடத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியிருந்திருக்கிறது. அவனுக்குக் கிடைத்த மிக நல்ல நகர்த்தலை நானே ஜன்னலைத் திறந்து வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"என்னங்க, விரட்டியாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"உன் தம்பி நல்லா ஆடிட்டான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். துணி கீழே சரியும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணியில் இருக்கும் அந்த ஒரு இடம் மச்சானின் பெயரோடு சேர்வது என் காதில் கேட்டது.

பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. பேசும் சிஸ்டத்தில் இருந்திருந்தால் பத்து நகர்த்தலை அவசர அவசரமாக அதன் வாயில் போட்டு எடுத்திருப்பேன். இங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை. புள்ளிகள் அசையாமல் காத்திருந்தன. சாப்பிட வரச் சொல்லி அவள் கூப்பிட்டாள், போனேன். தட்டில் கை இருந்தது, நினைப்பு ஜி ஐந்தில். திரும்பி வந்து மறுபடி தடவினேன். ராஜாவுக்கு அந்தப் பக்கம் யானை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. என் ஆளேதான் எனக்கு இடைஞ்சல். அதை ஒரு கட்டம் நகர்த்தினால்? ராணி சிப்பாயைத் தின்று செக் கொடுக்கும். ராஜா ஓடும். ராணி துரத்தும். இன்னும் கொஞ்சம் ஓடும். அந்த மூலையில் இன்னொரு சிப்பாய் சும்மா கிடக்கிறது. அதையும் ராணி தின்றால், திரும்பி வர அதற்கு வழி இருக்காது.

தின்பானா? தின்னாமல் குதிரையைப் பின்னால் எடுத்துக்கொண்டால் நான்தான் தோற்பேன். அது அவனாக யோசிக்க வேண்டிய இடம்.

யானையை நகர்த்தி மெயில் அனுப்பினேன். அதற்குப் பிறகு பழைய சிஸ்டத்தின் பக்கமே போகவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் சும்மா இருப்பாளா? "ஒரு வார்த்தை சொல்லுங்களேன், நான் என்ன ஓடியா போய் அவன்கிட்ட சொல்லப் போறேன்?" என்பாள். நான் புன்னகை செய்வேன். அவளுக்கு அது இன்னும் எரியும்.

மச்சான் முதல் சிப்பாயைத் தின்றான். ராஜா ஓடியது. ராணி துரத்தியது. மறுபடி ஓடியது. அடுத்த நாள் பகல் முழுக்கப் பதில் வரவில்லை. கீழ் ஜன்னல் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இருமல். மாடிப்படியில் யாரோ பாதிவரை ஏறி வந்து நின்று, திரும்பிப் போனார்கள். கெடு முடியும் நேரத்தில் மெயில் வந்தது. இரண்டாவது சிப்பாயையும் தின்றிருந்தான்.

ஒரு காயை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். அவன் ராணிக்கு வெளியே வர வழியில்லை.

அடுத்த மெயிலில் நகர்த்தல் இல்லை. 'தோத்துட்டேன் அத்தான். செயலாளருக்கும் சொல்லிட்டேன்.' புள்ளிகளை ஒருமுறை படித்தேன். பிறகு மெதுவாக இன்னொரு முறை. இந்த வீட்டில் எனக்கு வந்த ஒரு நல்ல செய்தி மனைவி காதில் விழாமல் என் விரலில் மட்டும் இருப்பது இதுதான் முதல் தடவை. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

தையல் மெஷின் நின்றது. "என்ன வந்திருக்கு?"

புள்ளிகளை இன்னொரு முறை தடவினேன்.

"ஏங்க, சொல்லித் தொலைங்களேன்!"

"ஜெயிச்சுட்டேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் படியில் காலடி. இந்த முறை பாதியில் நிற்கவில்லை. மச்சான் வந்து கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எல்லாம் சரி அத்தான். அந்தக் குதிரைக்கு அப்படிப் பயந்தீங்களே, ஐயையோன்னு..."

அதோடு நின்றுவிட்டது அவன் குரல். அந்த மௌனத்தைக் கலைக்க எனக்கு மனமே வரவில்லை.

அவன் அக்காதான் கலைத்தாள். "எழுந்து போய் முதல்ல உன் ஜன்னலைச் சாத்துடா."