கம்பி நின்ற காலை

விடியும்போது நான் மாடு. இடுப்பில் தோல்பட்டை, பட்டையில் கயிறு, கயிற்றின் பின்னே உயரக் கம்பியில் சக்கரம் மாட்டித் தொங்கும் வாழைக்குலைகள். தோட்டத்திலிருந்து கொட்டகைவரை சேற்றில் இழுத்து வரவேண்டும். வழி முழுக்கச் சக்கரங்கள் கீச்சிடும்.

அந்தச் சத்தத்துக்குத் தெல்மா தலை தூக்குவாள். வெட்டிய வாழைச் சீப்புகளில் வடியும் பாலைத் தொட்டித் தண்ணீரில் கழுவுவது அவள் வேலை. போன மழைக்காலத்தில் அவள் மகள் செத்தாள். தொடையிடுக்கில் குடல் இறங்கிச் சிக்கி, உள்ளேயே அழுகிப்போனது. அன்றுமுதல் சக்கரம் கீச்சிட்டால் அவளுக்குப் பிள்ளை அழுவதாகவே கேட்கிறது. ஒருநாள் எண்ணெய் போட ஏறினேன்.

"இறங்குடா லிசாந்த்ரோ. அழட்டும், விடு" என்றாள்.

அதன்பின் நான் எண்ணெய் போடவில்லை.

அன்று கப்பலுக்குக் காய் போகும் நாள். குலைகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். சக்கரம் நின்றது, கீச்சொலி நிற்கவில்லை. தெல்மாவின் முகம் வெளுத்தது.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதுக்கா."

கையை உதறிக்கொண்டு ஓடினாள். பக்கத்தில் காய் கழுவும் ஒஃபேலியா தன் மகனை அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தாள். நடக்கப் பழகும் வயது. பச்சையாக வாந்தி எடுத்து, கீச்சுக்குரலில் அழுதுகொண்டு கிடந்தான். இடுப்பில் துணிக்கச்சை.

எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தொப்புள் துருத்தினால் பொத்தான் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். ஒஃபேலியா அதையே தொடையிடுக்கு வீக்கத்துக்கும் கட்டியிருந்தாள். தெல்மாவும் தன் மகளுக்கு அப்படித்தான் கட்டியிருந்தாள்.

"அவுருடி அதை!"

கச்சைக்கடியில் வீக்கம் கல்லாக இறுகிச் சிவந்திருந்தது. பொத்தான் வட்டமாகப் பதிந்திருந்தது.

"ஆபரேஷனுக்குப் போனேன்க்கா. வெளிநாட்டு டாக்டருங்க வந்தப்ப இவனுக்குச் சளி. அடுத்த வருஷம் வான்னுட்டாங்க. அதுவரைக்கும் கட்டாம என்ன பண்ணச் சொல்றே?"

ஊர் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கத்தி வைக்க ஆள் இல்லை. குவாயாகில் நகரத்துக்குத்தான் போகவேண்டும். வாசலில் முதலாளி தோன் எவரிஸ்தோவின் வண்டி நின்றது. தெல்மா நேராக அவரிடம் போனாள்.

"வண்டியக் குடுங்க முதலாளி."

"மத்தியானம் லாரி குவாயாகில் துறைமுகம் போகுது. அதுல ஏறிக்கட்டும்."

"மத்தியானம்வரைக்கும் தாங்காது."

"நீ எப்ப டாக்டரானே?"

"போன மழைக்காலத்துல. அன்னைக்கும் நீங்க மத்தியானம்னுதான் சொன்னீங்க."

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "போய் வேலையப் பாருங்க. வெளிய பாதி ஊர் வேலை கேட்டு நிக்குது."

காய்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஃபௌஸ்தோ குரல் கொடுத்தான். "பையன் நெத்தியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரட்டா முதலாளி? அப்பன்னா நசுங்காமக் கொண்டுபோய்ச் சேப்பீங்க."



நான் இடுப்புப் பட்டையை அவிழ்த்தேன். குலைகள் வழியை அடைத்துத் தொங்கின. பின்னால் வந்தவனும் அவிழ்த்தான். தொட்டிகளிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெட்டிய காய் காத்திருக்காது, கப்பலும் காத்திருக்காது. அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வண்டிச் சாவியை ஈரத்தரையில் எறிந்தார்.

லாரி டிரைவர் எடுத்து ஓட்டினான். ஒஃபேலியா பிள்ளையோடு பின்சீட்டில் குனிந்திருந்தாள்.

"வண்டிதான் போயிருச்சே. இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?" என்றார் முதலாளி.

"ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைங்க டாக்டர் வேணும். அங்கேயே போய்க் கேக்கப் போறோம்" என்றாள் தெல்மா.

"போனா திரும்பி வராதீங்க."

போனோம். பிள்ளை பிழைப்பானா, நாளைக்கு வேலை இருக்குமா, எங்களுக்குத் தெரியாது. சாலையில் வெயில் ஏறியது. பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் ஒருவன் குலை வெட்டும் கத்தியும் கையுமாக நின்றான். பிள்ளைக்கு டாக்டர் கேட்டுப் போகிறோம் என்று ஃபௌஸ்தோ சொன்னதும் கேட்டான்.

"யார் பிள்ளைக்கு?"

தெல்மா நடையை நிறுத்தவில்லை. "உன் பிள்ளைக்குன்னு வெச்சுக்கோ."

அவன் உள்ளே திரும்பி யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு வேலியைத் தாண்டினான்.